மேப்பிள் பாகு அடுப்பில் சாறு மட்டம் நிற்க மாட்டேன் என்கிறதா?

கேள்வி: ஒன்டாரியோவில் எங்கள் இடத்திலிருக்கிற சர்க்கரை மேப்பிள் மரங்களில் சாறு எடுத்துக் காய்ச்சுகிறோம். 2 அடிக்கு 6 அடி விறகு இவாப்பரேட்டர் (சாற்றின் தண்ணீரை ஆவியாக்கிப் பாகாக்குகிற அடுப்பு), பழையதாக வாங்கியது. சாறு உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தி மட்டத்தை நிறுத்துகிற மிதவையை ஒன்றரை அங்குலத்துக்கு வைத்திருக்கிறேன். ஆனால் பாகு இறக்கும்போது (ஒரு தடவைக்கு 4, 5 லிட்டர்) முன் தட்டில் (பாகு முடிகிற தட்டு) மட்டம் ஒரு அங்குலத்துக்கும் கீழே போய்விடுகிறது. பயந்துபோய் மிதவையை ஏற்றினால் அப்புறம் வெகு நேரம் பாகே வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் மிதவையிலிருந்து கையை எடுங்கள். கோளாறு அதில் இல்லை, நீங்கள் இறக்குகிற அளவில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாற்றில் 2 சதவீதம் சர்க்கரை இருந்தால் ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 43 லிட்டர் சாறு வேண்டும் (86ஐச் சர்க்கரை சதவீதத்தால் வகுப்பது பாகுக்காரர்களின் பழைய கணக்கு). சாறு முதலில் நுழைகிற பின் தட்டில், சூடு அதிகம் படுவதற்காக அடியில் மடிப்புகள் உள்ள 2க்கு 6 அடுப்பு, விறகு நன்றாக எரிந்தால், மணிக்கு 90, 95 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். அப்படியென்றால் மணிக்கு உங்களுக்கு வரவேண்டிய பாகே 2 லிட்டர் சொச்சம்தான். ஒரே மூச்சில் 5 லிட்டர் இறக்கினால் அதில் பாதிக்கு மேல் இன்னும் பாகாகாத சாறு. முன் தட்டு 2க்கு 2 அடி இருந்தால் ஒரு அங்குல ஆழம் என்பது 9 லிட்டர் சொச்சம், 5 லிட்டர் போனால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காமல் என்ன செய்யும்?

அடுத்து நடப்பதுதான் பெரிய சிக்கல். பதநீரை ஒரே கொப்பரையில் ஊற்றிக் கடைசிவரை காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போன்ற வேலை இல்லை இது. இங்கே சாறு ஒரு முனையில் நுழைந்து, தடுப்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து போய், போகப்போகக் கெட்டியாகி, மறுமுனையில் பாகாக நிற்க வேண்டும். மட்டம் சட்டென்று இறங்கினால், அல்லது நீங்கள் மிதவையை ஏற்றினால், பின்னாலிருந்து மெலிந்த சாறு புகுந்து அந்த வரிசையைக் கலக்கிவிடுகிறது. அது திரும்ப அமையும்வரை பாகு வராது, காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி இறக்குங்கள். தண்ணீர் அன்றைக்கு என்ன வெப்பத்தில் கொதிக்கிறது என்று காலையில் பார்த்துவிடுங்கள், காற்றழுத்தம் மாறினால் அதுவும் மாறும். அதைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடும்போது வால்வை லேசாகத் திறந்து, நூலாக ஒழுக விட்டு, வெப்பம் இறங்கத் தொடங்கியதும் மூடுங்கள். பதம் சரியா என்பதை ஹைட்ரோமீட்டரில் (பாகில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) பாருங்கள், வெப்பமானி கிட்டத்தட்டத்தான் சொல்லும்.

மட்டத்தை எங்கே அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கொதிக்கிற தட்டைப் பார்த்து அளந்தால் நுரையும் குமிழியும் அரை அங்குலம் பொய் சொல்லும். விறகு போடக் கதவைத் திறந்ததும் கொதி அடங்கி மட்டம் குறைந்ததுபோல் தெரியும், உண்மையில் ஒன்றும் குறைந்திருக்காது! மிதவைப் பெட்டியிலோ கண்ணாடிக் குழாயிலோ பாருங்கள், அங்கே கொதி கிடையாது. மணிக்கட்டு கனத்தில் பிளந்த காய்ந்த விறகை 7லிருந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை, கொஞ்சமாக, சீக்கிரமாகப் போட்டு மூடினால் இந்த ஆட்டமே பாதி குறைந்துவிடும்.

நுரையடக்கியை மிதவைப் பெட்டி பக்கம், சாறு நுழைகிற இடத்தில் ஓரிரு துளி விட்டால் போதும். முன் தட்டில் விடாதீர்கள், விட்ட இடத்தில் கொதி அடங்கி, பக்கத்து அறையின் மெலிந்த சாறு அங்கே தள்ளிக்கொண்டு வரும். (சிலர் வெண்ணெய் விடுவார்கள். வீட்டுக்கு என்றால் சரி, விற்பதாக இருந்தால் பால் ஒவ்வாதவர்களை நினைத்துப் பாருங்கள்.)

இத்தனையும் செய்த பிறகும் முன் தட்டு மட்டும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் இரண்டு தட்டையும் இணைக்கிற குழாயைப் பாருங்கள். சர்க்கரை மணல் என்று சொல்கிற தாதுப் படிவு அங்கே அடைத்திருக்கும். அது மிதவையின் தண்டிலும் ஒட்டிச் சிக்க வைக்கும். உங்களுடையது பழைய அடுப்பு வேறு, ஆறவிட்டுத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி நான்கு மூலையிலும் ஆழம் அளந்துவிடுங்கள். வசந்தத்தில் உறைந்த தரை இளகும்போது கால் ஒன்று புதைந்து அடுப்பு சாய்வது சாதாரணமாக நடப்பதுதான், ஒரு மூலையில் ஒன்றரை அங்குலம் காட்டுவது எதிர் மூலையில் முக்கால் அங்குலமாக இருக்கலாம்.

எவ்வளவு ஆழம் வைப்பது? ஆழம் குறைந்தால் பாகு சீக்கிரம் வரும், நிறமும் வெளுப்பாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒன்றரை அங்குலத்துக்கும் கீழே ஓட்டுவது கை பழகியவர்கள் வேலை. இந்தப் பருவத்துக்கு, தீ மூட்டுவதற்கு முன்பே மிதவையை 2 அங்குலத்துக்கு வைத்துவிட்டு, காய்ச்சும்போது அதைத் தொடாதீர்கள். ஒரு வாளி பச்சைச் சாறு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், முன் தட்டில் தீய்ந்த வாடை வந்தால் யோசிக்காமல் ஊற்றுங்கள். பாகு கலைந்தால் கலையட்டும், தட்டு பிழைக்கும்.

நாள் முடிவில் கடைசி விறகு போட்டதும் சாற்றை நிறுத்திவிடாதீர்கள். நெருப்பு அணைந்த மாதிரி இருந்தாலும் கங்கு இன்னும் வெகு நேரம் காய்ச்சும். மட்டத்தை 3, 4 அங்குலத்துக்கு ஏற்றிவிட்டு, கொதி முழுக்க அடங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். அடங்கிய பிறகு இணைப்புக் குழாயை அடைத்து வைத்தால் கெட்டியும் மெலிசும் இரவோடு இரவாகக் கலக்காது, மறுநாள் முதல் பாகு சீக்கிரம் வரும். காலையில் தீ மூட்டுவதற்கு முன்னால் அந்த அடைப்பை எடுக்க மறந்துவிடாதீர்கள்.