ராமானுஜன் கடிதத்தில் ஆங்கிலக் காலங்கள்: வாசகர் கேள்வி–பதில்

சாதனையாளர்களின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு ஆங்கிலம் கற்பது பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களை வழக்கம்போலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பன்னிரண்டு காலங்களையும் அட்டவணையாக மனப்பாடம் செய்திருக்கிறேன். கேட்டால் ஒப்பித்துவிடுவேன். ஆனால் என்னைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னால் எந்தக் காலத்தில் எழுதுவது என்று தெரியாமல் திகைக்கிறேன். வாழ்க்கை வரலாறு படித்தால் இது சரியாகுமா? யாருடையதைப் படிக்கலாம்?
*கல்லூரி மாணவி, பெரம்பலூர்*

சரியாகும். ஆனால் பத்துப் பேருடைய வாழ்க்கையை மேலோட்டமாகப் புரட்டினால் ஆகாது; ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரைப் பற்றிய ஒரு பக்கத்தை வினைச்சொல் வினைச்சொல்லாகப் பார்க்க வேண்டும். அட்டவணை வினையின் வடிவத்தை மட்டுமே காட்டும். எழுதுபவர் எந்த நாளில் நின்றுகொண்டு எதைப் பார்க்கிறார் என்பதை அது காட்டாது. காலத்தைத் தீர்மானிப்பதோ அந்த நிலைதான்.

உங்களைப் பற்றி எழுத வேண்டும் என்கிறீர்கள். அதற்குக் கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அப்போது அவர் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர். ‘ஐ பெக் டு இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப் டு யூ’ என்று தொடங்கி, ஆண்டுச் சம்பளம் வெறும் இருபது பிரிட்டிஷ் பவுண்டு என்பதையும் சொல்லிவிட்டு, இப்படி எழுதுகிறார்: ‘ஐ ஹேவ் ஹேட் நோ யுனிவர்சிட்டி எஜுகேஷன் பட் ஐ ஹேவ் அண்டர்கான் தி ஆர்டினரி ஸ்கூல் கோர்ஸ்.’ பல்கலைக்கழகக் கல்வி எனக்கு வாய்த்ததில்லை, ஆனால் சாதாரணப் பள்ளிப் படிப்பைப் படித்திருக்கிறேன் என்பது பொருள். பள்ளியில் படித்தது பழைய கதைதான். ஆனால் எந்த ஆண்டு படித்தார் என்பது இங்கே செய்தியல்ல. அந்தப் படிப்போடு இன்று உங்கள் முன் நிற்கிறேன் என்பதுதான் செய்தி. அதனால் ‘ஹேவ்’ வருகிறது. பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்று நீங்கள் ஒப்பிப்பது இதைத்தான். ஆண்டைச் சொல்ல வேண்டியிருந்தால் ‘ஐ ஜாயின்டு தி கவர்ன்மென்ட் காலேஜ் இன் 1904’ என்று சிம்பிள் பாஸ்டில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த வரி: ‘ஆஃப்டர் லீவிங் ஸ்கூல் ஐ ஹேவ் பீன் எம்ப்ளாயிங் தி ஸ்பேர் டைம் அட் மை டிஸ்போசல் டு வொர்க் அட் மேத்தமேட்டிக்ஸ்.’ பள்ளியை விட்டபின் கிடைக்கும் ஓய்வு நேரத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன் என்கிறார். ‘செலவிட்டு வருகிறேன்’ என்று தமிழில் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன்’ வந்திருப்பதைக் கவனியுங்கள். ‘மூன்று வருடமாக இங்கே படிக்கிறேன்’ என்று தமிழில் வெறும் நிகழ்காலத்திலும் சொல்லலாம். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘படித்து வருகிறேன்’ என்று மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் ‘ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதுங்கள்.

மூன்றாவது வரிதான் நான் மிகவும் ரசிப்பது: ‘ஐ ஹேவ் நாட் ட்ராடன் த்ரூ தி கன்வென்ஷனல் ரெகுலர் கோர்ஸ் விச் இஸ் ஃபாலோடு இன் எ யுனிவர்சிட்டி கோர்ஸ், பட் ஐ ஆம் ஸ்ட்ரைக்கிங் அவுட் எ நியூ பாத் ஃபார் மைசெல்ஃப்.’ ஒரே வாக்கியத்தில் மூன்று கால வடிவங்கள் வருகின்றன. வழக்கமான பாதையில் நான் நடந்ததில்லை என்பதற்கு ‘ஹேவ் நாட் ட்ராடன்’. பல்கலைக்கழகங்களில் எப்போதும் பின்பற்றப்படுவது என்பதால் அதற்கு ‘இஸ் ஃபாலோடு’. இந்த நேரத்தில் எனக்கென்று ஒரு புதுப் பாதையை வகுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ‘ஆம் ஸ்ட்ரைக்கிங் அவுட்’. ட்ரெட், ட்ராட், ட்ராடன் என்ற மூன்று வடிவங்களையும், ‘ஸ்ட்ரைக் அவுட் எ பாத்’ என்ற தொடரையும் இந்த வாக்கியத்தோடு சேர்த்தே நினைவில் வையுங்கள். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவருடைய கடிதம் இது என்பதையும் இடையில் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்த மூன்று வரிகளின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் செய்திகளை நிரப்பி எழுதுங்கள். இதுவரை முடித்தவை ‘ஐ ஹேவ்’ என்றும், செய்து வருபவை ‘ஐ ஹேவ் பீன்’ என்றும், இப்போது முயன்றுகொண்டிருப்பவை ‘ஐ ஆம்’ என்றும் தொடங்கட்டும். வேலைக்கான விண்ணப்பத்திற்கும் இது உதவும்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ‘ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே’ என்றுதான் சொல்கிறார்கள். இது சரிதானா? ‘ஹேட்’ போட்டால் மரியாதையாக ஒலிக்கிறது என்கிறார் ஒரு நண்பர்.
*தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்*

மரியாதைக்கும் ‘ஹேட்’டுக்கும் தொடர்பில்லை. ‘நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்’ என்று தமிழில் சொல்வதை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வரும் வினை இது. தமிழில் அது முழு வாக்கியம். ஆங்கிலத்தில் அதைக் கேட்பவர், போயிருந்தபோது என்ன நடந்தது என்று மீதிக் கதைக்காகக் காத்திருப்பார். ‘ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே’ போதும்.

‘ஹேட்’ தேவைப்படும் இடத்துக்கும் ராமானுஜனிடமே போகலாம். 1904இல் கல்லூரியில் சேர்ந்தார், உதவித்தொகையை இழந்தார், 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், அங்கும் தேர்வில் தோற்றார், 1912இல் துறைமுகத்தில் எழுத்தரானார், 1913இல் ஹார்டிக்கு எழுதினார். இப்படி நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் எல்லாமே சிம்பிள் பாஸ்ட்; ஓரிடத்திலும் ‘ஹேட்’ வேண்டியதில்லை. கதையை 1913இல் தொடங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் அது வேண்டும்: ‘வென் ஹீ ரோட் டு ஹார்டி, ஹீ ஹேட் ஆல்ரெடி லாஸ்ட் ஹிஸ் ஸ்காலர்ஷிப்.’ வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு பரபரப்பான நாளில் தொடங்கிப் பின்னோக்கிப் போவார்கள். அதனால்தான் அவர்களுடைய முதல் அத்தியாயங்களில் ‘ஹேட்’ மிகுந்திருக்கிறது.

இன்னொரு வாக்கியத்தையும் எழுதிப் பார்க்கலாம். ராமானுஜன் தம் கடைசி ஆண்டில் எழுதிய தாள்களைக் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976இல் கண்டெடுத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ். ராமானுஜன் மறைந்ததோ 1920இல். ‘வென் ஆண்ட்ரூஸ் ஃபவுண்ட் தி பேப்பர்ஸ், ராமானுஜன் ஹேட் பீன் டெட் ஃபார் 56 இயர்ஸ்.’ இரண்டு நிகழ்ச்சிகளில் எது முன்பு, எது பின்பு என்பதை இங்கே ‘ஹேட்’ ஒன்றே சொல்லிவிடுகிறது.

போட்டித் தேர்வுக்கான மாதிரித் தாளில் ‘ஆனந்த் ஹேஸ் பிகம் எ கிராண்ட்மாஸ்டர் இன் 1988’ என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். ‘1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கிறார்’ என்று நாம் சொல்வதில்லையா?
*வாசகர், திண்டுக்கல்*

தாராளமாகச் சொல்கிறோம். தமிழில் ‘ஆகியிருக்கிறார்’ என்பதோடு ஆண்டையும் சேர்க்கலாம். நேற்று, போன மாதம் என்றும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேஸ்’ அந்த வாக்கியத்துக்குள் வராது. ‘ஆனந்த் பிகேம் எ கிராண்ட்மாஸ்டர் இன் 1988’ என்பதே சரி. ஆண்டை எடுத்துவிட்டு, ‘ஆனந்த் ஹேஸ் வன் தி வேர்ல்ட் டைட்டில் ஃபைவ் டைம்ஸ்’ என்று மொத்தக் கணக்கைச் சொன்னால் ‘ஹேஸ்’ பொருந்தும். 2000, 2007, 2008, 2010, 2012 என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கினால் மறுபடியும் ‘வன்’தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆனந்த் நம்மோடு வாழ்பவர், அவருடைய கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்பதால் ‘ஹேஸ்’ இயல்பாக அமைகிறது. மறைந்தவர்களின் செயல்களுக்குச் சிம்பிள் பாஸ்ட்தான் பொருத்தம். ஆனால் மறைந்தவரின் படைப்பு எழுவாயாக வந்தால் ‘ஹேஸ்’ திரும்ப வரும்: ‘ராமானுஜன்ஸ் வொர்க் ஹேஸ் இன்ஃப்ளுயன்ஸ்டு மேத்தமேட்டிஷியன்ஸ் ஃபார் எ செஞ்சுரி.’

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மேரி க்யூரி பற்றி எழுதும்போது ‘ஷீ இஸ் பார்ன்’, ‘ஷீ வாஸ் டைடு’ என்றே எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை.
*ஆசிரியை, செய்யாறு*

பிறப்பை ஆங்கிலம் செயப்பாட்டு வினையில் சொல்கிறது, இறப்பைச் செய்வினையில் சொல்கிறது. தமிழில் இரண்டும் ஒரே அச்சில் ‘பிறந்தார்’, ‘இறந்தார்’ என்று இருப்பதால் பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்துவிடுகிறார்கள். ‘ஷீ வாஸ் பார்ன் இன் வார்சா இன் 1867’, ‘ஷீ டைடு இன் 1934’ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொல்ல வையுங்கள். தனித்தனியாகத் திருத்துவதைவிட இது பலன் தரும். கூடவே ‘எக்ஸ்பயர்டு’ என்ற சொல்லையும் கட்டுரையிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நம் அலுவலகங்களில் அது மனிதர்களுக்கும் வழங்கினாலும், மாத்திரை அட்டைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் விட்டுவிடுவதே நல்லது. ‘பாஸ்டு அவே’ இரங்கல் கடிதத்துக்கு ஏற்றது. வரலாற்றுக் கட்டுரைக்கு ‘டைடு’ போதும்.

அகராதியிலிருந்து நாளுக்குப் பத்துச் சொற்கள் எழுதிப் படிக்கிறேன். ஒரு வாரத்தில் மறந்துவிடுகின்றன. வாழ்க்கை வரலாறு இதற்கு உதவுமா?
*வங்கிப் பணியாளர், நாகர்கோவில்*

அகர வரிசையில் படிக்கும் சொற்களுக்கு ஒன்றோடொன்று உறவு கிடையாது, அதனால் மறக்கின்றன. ஒருவருடைய வாழ்வில் சொற்கள் வரிசையாக வரும். நெல்சன் மண்டேலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ‘ஹீ வாஸ் அரெஸ்டட்’. பிறகு நாசவேலைக் குற்றச்சாட்டு: ‘வாஸ் சார்ஜ்டு வித் சாபோட்டாஜ்’. நீதிமன்ற விசாரணை ‘ட்ரையல்’. குற்றவாளி என்ற தீர்ப்பு ‘வாஸ் கன்விக்டட்’. 1964 ஜூனில் ஆயுள் தண்டனை: ‘வாஸ் சென்டென்ஸ்டு டு லைஃப் இம்ப்ரிசன்மென்ட்’. 27 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பின் 1990 பிப்ரவரி 11 அன்று ‘வாஸ் ரிலீஸ்டு ஃப்ரம் ப்ரிசன்’. ‘ரிலீஸ்’ என்றால் நமக்கு வெள்ளிக்கிழமைப் படம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்குச் சிறை மீட்சி என்ற பொருளும் உண்டு என்பது இந்த வரிசையில் தானாகவே பதிந்துவிடும்.

சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அதன் வாலையும் சேர்த்து எழுதுங்கள். ‘சார்ஜ்டு’ வந்தால் ‘வித்’, ‘கன்விக்டட்’ வந்தால் ‘ஆஃப்’, ‘சென்டென்ஸ்டு’ வந்தால் ‘டு’, ‘ரிலீஸ்டு’ வந்தால் ‘ஃப்ரம்’. நம்மில் பலர் சறுக்குவது இந்தச் சிறு சொற்களில்தான். மண்டேலாவின் கதையில் சிறைக்காலம் முழுவதும் செயப்பாட்டு வினையாகவே நகர்வதையும் பாருங்கள்; அரசு செய்கிறது, அவருக்கு நேர்கிறது. 1994இல் அதிபராக ‘வாஸ் எலெக்டட்’ என்பதும் அப்படியே. 1999இல் பதவியை விட்டு விலகியதற்குத்தான் ‘ஹீ ஸ்டெப்ட் டவுன்’ என்று செய்வினை வருகிறது.

‘1903: மேரி க்யூரி வின்ஸ் தி நோபெல் ப்ரைஸ்’ என்று காலவரிசைப் பட்டியல்களில் நிகழ்காலத்தில் போடுகிறார்களே, அது பிழையா?
*வாசகர், தஞ்சாவூர்*

பிழையில்லை. பட்டியலுக்கும் நாளிதழ்த் தலைப்புக்கும் உரிய மரபு அது. அதைக் கட்டுரையின் நடுவே கொண்டுவந்து ‘வின்ஸ்’, ‘வன்’ என்று மாறி மாறி எழுதினால்தான் பிழை.

என் மகள் ஏழாம் வகுப்பு. முழு வாழ்க்கை வரலாற்று நூல் என்றால் மலைக்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?
*வாசகி, விருதுநகர்*

நூல் இப்போது வேண்டாம். விக்கிபீடியாவுக்கு எளிய ஆங்கிலப் பதிப்பு ஒன்று தனியாக இருக்கிறது. புகழ்பெற்றவர்களைப் பற்றிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் அதில் படிக்கலாம். மலாலாவில் தொடங்குங்கள் என்பேன். 1997இல் பிறந்தவர், 17 வயதில் நோபெல் அமைதிப் பரிசு பெற்றவர், 2020இல் ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பை முடித்தவர். வாழ்பவர் என்பதால் ‘வாஸ்’, ‘ஹேஸ்’, ‘இஸ்’ மூன்றுக்கும் அவர் கதையில் வேலை இருக்கும். ஒரு பத்தியை இருவரும் சேர்ந்து படியுங்கள், வினைச்சொற்களின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள், பிறகு பக்கத்தை மூடிவிட்டு ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கதை சொல்லும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். எழுதியதை மட்டும் திருத்துங்கள், அதிலும் ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும்.