வெளிநாட்டுப் பத்திரிகை சொன்னால் பொய்யா?

கேள்வி: சமூக அமைப்புகளை அரசு நசுக்குகிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் இந்தியாவின் பெயரைக் கெடுக்கத்தானே? போராடுகிறவர்களுக்குப் பின்னால் இருப்பதும் வெளிநாட்டுப் பணம்தானே?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: சந்தேகப்படுங்கள், தவறே இல்லை. 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில், அன்னை தெரசா தொடங்கிய அமைப்பின் வங்கிக் கணக்குகளை மத்திய அரசு முடக்கிவிட்டது என்ற பேச்சு உலகெங்கும் ஓடியது. அரசு அப்படி முடக்கவில்லை என்று அந்த அமைப்பே விளக்கம் கொடுத்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவைப் புதுப்பிக்க மறுத்ததுதான் நடந்தது. அந்தப் பதிவும் இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கிடைத்தது. இந்த அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறேன்.

அதற்கு மேல் ஓர் அடிகூட வரமாட்டேன். 2015 ஜனவரியில், இங்கிலாந்து எம்.பி.க்களிடம் மத்தியப் பிரதேசத்தின் மகான் பகுதி நிலக்கரிச் சுரங்கம் பற்றிப் பேசப் புறப்பட்ட, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் செயற்பாட்டாளர் பிரியா பிள்ளையை டெல்லி விமான நிலையத்திலேயே தடுத்து நிறுத்தினார்கள். அது தவறு என்று மார்ச் மாதம் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். லண்டன் பத்திரிகையை நம்ப வேண்டாம். நம் நீதிமன்றத்தையுமா நம்பமாட்டீர்கள்?

இது ஒரு கட்சியின் விவகாரமும் அல்ல. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பிறந்தது 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில். கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்க அமைப்புகள் இருப்பதாக 2012-ல் சொன்னவர் மன்மோகன் சிங்.

வெளிநாட்டு நிருபர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு, வேறு காரணத்துக்காக. கிரீன்பீஸ், மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி என்று அவர்களுக்குப் பழகிய பெயர் அடிபட்டால்தான் பேனாவைத் திறக்கிறார்கள். 2020-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்பு அதில் ஒரு பங்கைச் சிறிய அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2022-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. செல்லட்டும். தாளவாடி மலையில் எனக்குத் தெரிந்த ஒரு மாலை வகுப்பு அதனால்தான் நின்றது. பாடம் எடுத்த இரண்டு பெண்களும் இப்போது கூலி வேலைக்குப் போகிறார்கள். கரும்பலகை ஒரு வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. அதில் பாதி அழிந்த ஏழாம் வாய்ப்பாட்டை நானே பார்த்தேன். இதை எழுத எந்த நிருபர் மலையேறினார்?

பணம் எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவிநாசியிலிருந்து ஒரத்துப்பாளையம் அணை ஒன்றும் தொலைவில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, அந்த அணையில் தேங்கி, தோட்டத்துக் கிணறுகளுக்குள் புகுந்தது. பாய்ச்சிய தண்ணீர் காய்ந்ததும் வரப்பில் உப்பு பூத்துக் கிடக்கும். ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வைத்து ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். கழிவு வெளியேறுவதை நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த விவசாயிகளைக் கோர்ட் படி ஏற வைத்தது டாலர் அல்ல, கிணற்றுத் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.