படிப்படியான பயிற்சிப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பவர்பொயின்ற் கற்க முடியுமா?

முடியும். முல்லைத்தீவுப் பக்கம் முன்பள்ளி ஆசிரியையாக இருப்பதாகவும், இணைய வசதி சீராகக் கிடைப்பதில்லை என்றும், வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியும் படிப்படியாகச் சொல்லித்தரும் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் ஒன்றும் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தப் புத்தகமே போதும் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் அதை ஒருமுறை செய்து முடிப்பது போதாது. ஒவ்வொரு பாடத்தையும் முதலில் புத்தகத்தில் உள்ள உதாரணத்தோடு, அதில் சொன்னபடியே செய்யுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, உங்களுடைய சொந்த விடயத்தை வைத்து அதே பாடத்தை மறுபடியும் செய்யுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த வகைப் புத்தகங்களில் எதைத் தெரிவுசெய்ய வேண்டும் என்ற முடிவை நூலாசிரியரே முன்கூட்டி எடுத்துவிடுகிறார். நாம் அவர் காட்டிய இடத்தில் சொடுக்கிக்கொண்டு போகிறோம். என்னிடம் கற்ற கமக்காரர் அமைப்புச் செயலாளர் ஒருவர் வரைபடம் பற்றிய பாடத்தைப் பிழையில்லாமல் செய்து முடித்திருந்தார். 'இன்சேர்ட்' பகுதியில் 'சார்ட்' என்பதை அழுத்தினால் சிறிய எக்செல் தாள் ஒன்று மாதிரி எண்களோடு திறக்கும். அந்த எண்களை அழித்துவிட்டு நம்முடைய எண்களை இட்டால் வரைபடம் தானாகவே மாறும். இவ்வளவும் அவருக்குக் கைவந்திருந்தது. ஆனால் சிறுபோகக் கூட்டத்திற்காக இரணைமடுக் குளத்தின் கீழ் ஆண்டுதோறும் பயிரிடப்பட்ட ஏக்கர்களைக் காட்ட உட்கார்ந்தபோது, நிரல் வரைபடமா வட்ட வரைபடமா என்ற கேள்வி முதன்முதலாக அவர்முன் வந்தது. புத்தகம் "நிரல் வரைபடத்தைத் தெரிவுசெய்க" என்று மட்டுமே சொல்லியிருந்தது. ஏன் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கு நிரல் வரைபடமே பொருந்தும் என்பதையும், இந்தப் போகத்து நிலத்தில் நெல்லுக்கு எவ்வளவு, உப உணவுப் பயிர்களுக்கு எவ்வளவு என்று ஒரு முழுமையைப் பங்குபோட்டுக் காட்டுவதற்குத்தான் வட்டம் உதவும் என்பதையும் அவர் இரண்டையும் வரைந்து பார்த்துத் தாமே கண்டுகொண்டார். இரண்டாவது முறை செய்யும்போது கிடைக்கும் படிப்பு இதுதான்.

உங்களுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. பெற்றோர் கூட்டத்திற்கு உரிய விடயங்கள், பிள்ளைகளின் நிறை, உயரப் பதிவு, தவணைத் திட்டம், விளையாட்டு விழா ஒழுங்கு என்று கையிலேயே இருக்கிறது. பயிற்சிக் கோப்புகள் இறுவட்டிலோ இணையத்திலோ கிடைக்கும் என்று புத்தகம் சொல்லும். அவை கிடைக்காமல் போனாலும் நின்றுவிடாதீர்கள், அவை இல்லாத இடத்தில் இந்தப் பொருளையே இட்டுக்கொள்ளலாம்.

அத்தியாய வரிசையில் ஒரு மாற்றம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்லைட் மாஸ்டர் பற்றிய பாடத்தைப் பெரும்பாலான புத்தகங்கள் பிற்பகுதியில்தான் வைத்திருக்கும். அடிப்படை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுங்கள். 'வியூ' பகுதியில் அதைத் திறந்தால் இடதுபக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே சற்றுப் பெரிய ஸ்லைட் ஒன்றும், அதன் கீழே அதற்குரிய அமைப்புகளும் தெரியும். மேலே உள்ளதில் தலைப்பின் எழுத்துருவையோ நிறத்தையோ ஒருமுறை மாற்றினால், எத்தனை ஸ்லைட்டுகள் இருந்தாலும் அத்தனையிலும் மாறிவிடும். ஆனால் இது நடக்க வேண்டுமானால், ஸ்லைட்டில் ஏற்கெனவே புள்ளிக்கோட்டுக்குள் தரப்பட்டிருக்கும் பெட்டிகளிலேயே எழுத வேண்டும். பலர் அவற்றை அழித்துவிட்டு 'ரெக்ஸ்ற் பொக்ஸ்' ஒன்றைப் புதிதாக வரைந்து எழுதுகிறார்கள். அப்படி எழுதியது மாஸ்டரில் செய்யும் இடமாற்றத்துக்கும் அளவுமாற்றத்துக்கும் கட்டுப்படாது. எழுத்தை மட்டும் வரிசையாகக் காட்டும் 'அவுட்லைன்' பார்வையிலும் தோன்றாது. இந்த ஒரு பழக்கம் தொடக்கத்திலேயே சரியாக அமைந்துவிட்டால் பின்னால் மணித்தியாலக் கணக்கில் வேலை மிச்சம்.

புத்தகத்தில் உள்ள படமும் உங்கள் திரையும் ஒத்துவராத இடங்கள் வரும். அதற்காகக் கலங்க வேண்டாம். பவர்பொயின்ற் 2007 பதிப்பிலிருந்து, கட்டளைகள் உள்ள மேற்பட்டையின் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். 2010 பதிப்புக்கு எழுதிய புத்தகம் 'கிளிப் ஆர்ட்' என்று சொல்லும் இடத்தில் 2013 முதல் 'ஒன்லைன் பிக்சர்ஸ்' இருக்கும். 'டிசைன்' பகுதியில் இருந்த 'பேஜ் செற்றப்' இப்போது 'ஸ்லைட் சைஸ்' ஆகிவிட்டது. இதில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: 2013 முதல் புதிய கோப்பு 16:9 என்ற அகன்ற வடிவில் திறக்கிறது, பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் உள்ள பழைய புறொஜெக்டர்கள் பல 4:3 வடிவின. அவற்றில் காட்டும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்துச் சிறுத்துப்போகும். எங்கே காட்டப்போகிறீர்கள் என்று முன்பே கேட்டறிந்து, எழுதத் தொடங்குவதற்கு முன்னரே அளவைத் தெரிவுசெய்யுங்கள்.

ஆங்கிலப் புத்தகம் எதுவும் சொல்லித்தராத ஒன்று தமிழ் எழுத்துரு. எங்கள் பகுதியில் இன்றும் பலர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். பாமினி எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கூட்டம் கூடியிருக்கும்போது இப்படித் திரையில் வந்தால் பேசுபவரின் மனம் எவ்வளவு தளர்ந்துபோகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தொடக்கத்திலிருந்தே, தனி எழுத்துரு நிறுவாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடு முறையில் எழுதுங்கள். விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களே போதும். பழைய பாமினிக் கோப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், 'ஃபைல்' பகுதியில் 'ஒப்ஷன்ஸ்', அதில் 'சேவ்' என்று போய், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் தெரிவை இட்டுச் சேமியுங்கள். பிறகு வேறொரு கணினியில் திறந்து சரிபாருங்கள்.

அசைவூட்டம் பற்றிய அத்தியாயத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஒவ்வொரு வரியாகத் தோன்றச் செய்யும் 'அப்பியர்' ஒன்று தெரிந்தால் போதும். எழுத்துகள் சுழன்று வருவதைப் பார்ப்பவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பதில்லை. அதைவிட, காட்டும்போது பயன்படும் விசைகளைக் கைக்குப் பழக்குங்கள். எஃப்5 முதலிலிருந்து தொடங்கும். ஷிப்டுடன் சேர்த்து எஃப்5 அழுத்தினால் நிற்கும் ஸ்லைட்டிலிருந்து தொடங்கும். நடுவில் பி விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். பெற்றோர் ஒருவர் கேள்வி கேட்கும்போது இந்தப் பி விசை மிகவும் உதவும். எல்லோருடைய பார்வையும் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பும்.

பழைய மடிக்கணினியின் பற்றரி மின்வெட்டைத் தாங்காது. தானாக மீட்கும் வசதி பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிவுசெய்யும்படி அமைந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு ஸ்லைட்டும் முடிந்தவுடன் கொன்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்துங்கள்.

பத்தாம் தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூலிலும் நிகழ்த்துகை மென்பொருள் பற்றிய அலகு தமிழில் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் வாங்கி உங்கள் புத்தகத்தோடு சேர்த்து வாசியுங்கள். வேலை விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும் தேசிய தொழில் தகைமைக்குரிய வகுப்பு ஒன்றில் பின்னர் சேர்ந்துகொள்ளலாம்.

புறொஜெக்டர் இல்லாத முன்பள்ளியில் இதைக் கற்று என்ன பயன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அச்சிடும்போது 'ஹான்ட் அவுட்ஸ்' என்பதில் ஒரு பக்கத்துக்கு மூன்று ஸ்லைட் என்று தெரிவுசெய்தால், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறிப்பெழுதக் கோடுகளோடு அச்சாகும். அதன் பிரதிகளைப் பெற்றோரின் கையில் கொடுத்துவிட்டு, மரநிழலில் இருந்தபடியே கூட்டத்தை நடத்தலாம். எழுத்து 28 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். மூன்றாகச் சுருங்கி அச்சாகும்போதும் கண்ணாடி அணிந்த அம்மம்மாமார் வாசிக்க வேண்டும்.