‘செரப்’ என்றால் கேருபீனா, குழந்தையா?

கேள்வி: ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். அதில் ஒரு பாட்டி பேரனை ‘செரப்’ (cherub) என்று கொஞ்சுகிறாள். அகராதி ‘கேருபீன்’ என்கிறது, அதாவது பைபிளில் வரும் ஒருவகை வானதூதர். அப்படியே எழுதலாமா?

பதில்: வேண்டாம். பைபிள் படித்தவர் மனதில் கேருபீன் என்றதும் வருவது வேறு உருவம். ஆதியாகமத்தில், ஏதேன் தோட்டத்துக்குள் மனிதன் திரும்பிவிடாதபடி சுடரொளிப் பட்டயத்தோடு காவலுக்கு வைக்கப்பட்டவை அவை. தீர்க்கதரிசி எசேக்கியேல் கண்டவற்றுக்கு நாலு முகம், நாலு சிறகு. சிங்க முகமும் கழுகு முகமும் அதில் உண்டு. சாலொமோன் ஆலயத்தில் பத்து முழ உயரத்துக்கு ஒலிவமரத்தில் செய்து, பொன்தகட்டால் மூடி நிறுத்தியிருந்தார்கள். கொஞ்சுகிற உருவமா அது?

சொல் எபிரேயத்திலிருந்து வந்தது: ஒருமை கெரூப், பன்மை கெரூபீம். ‘வாழ்த்து, வேண்டு’ என்று பொருள்படும், பழைய மெசபொத்தேமிய மொழியான அக்காதியத்தின் வினையோடு இதற்கு உறவு உண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அசீரிய அரண்மனை வாசல்களில் நின்ற, மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைச் சிலைகளைப் பாருங்கள். பழைய கேருபீனின் சாயல் பிடிபடும்.

அப்புறம் எப்படிக் குழந்தையானது? பெரும்பாலும் ஓவியர்களால். இத்தாலிய மறுமலர்ச்சிக் கலைஞர்கள், ரோமானியரின் காதல் தெய்வமான கியூபிட்டின் குழந்தை உருவத்தைத் தேவதூதருக்குக் கொடுத்தார்கள். ரஃபேல் 1512 வாக்கில் வரைந்த ‘சிஸ்டைன் மடோனா’வின் அடியில், ஒருவன் மோவாயில் கைவைத்திருக்க, இரண்டு சிறகுச் சிறுவர்கள் மேலே பார்ப்பார்கள். வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவும் ரோஜா உதட்டுச் ‘செரபின்’ என்றுதான் பேசுகிறான்.

எனவே பாட்டி வாயில் ‘என் ராசா’, ‘தங்கக்கட்டி’ என்றே வையுங்கள். ‘செரூபிக்’ (cherubic) முகம் என்று வந்தால் ‘பால் வடியும் முகம்’ அழகாகப் பொருந்தும். உண்மையிலேயே வானதூதரைச் சொல்லும் இடத்தில் கேருபீன் என்று எழுதலாம். கத்தோலிக்க வாசகர்களுக்குக் ‘கெருபு’ பழக்கம். ஆங்கிலப் பன்மையே துப்புக் கொடுக்கும்: ‘செரபிம்’ என்றால் வானதூதர், ‘செரப்ஸ்’ என்றால் பெரும்பாலும் குழந்தைகள். 1611 ஆங்கில பைபிள் பன்மைக்கு மேல் பன்மையாகச் ‘செரபிம்ஸ்’ என்று எழுதியது. நம் ‘கேருபீன்கள்’ என்பதும் அதே கதைதான். வழக்கில் நிலைத்துவிட்டதால் தாராளமாக எழுதலாம்.

‘செரஃப்’ (seraph) என்று வந்தால் மட்டும் கவனம். அது வேறு வானதூதர்: தீர்க்கதரிசி ஏசாயா கண்ட, ஆறு சிறகுள்ள சேராபீன்.