தெள்ளு மருந்து விட்ட இடத்தில் நாய்க்குத் தோல் சிவந்து முடி கொட்டுகிறது. வேறு என்ன வழி?

கழுத்தில் சொட்டு மருந்து விட்ட மறுநாளே அந்த இடம் சிவந்துவிட்டது, சொறிந்து சொறிந்து புண்ணாக்கிவிட்டது, இனி அதை விடவும் பயம், விடாமல் இருக்கவும் முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் எங்கள் ஜிம்மிக்கும் இதேதான். நான் மிருக வைத்தியர் இல்லை. கோப்பாயில் ஒரு நாயும் இரண்டு பூனையும் வைத்திருக்கிறவன். பட்டதையும், டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

ஜிம்மி 14 கிலோ ஊர் நாய். முதல் தடவை மருந்து விட்டபோது கொஞ்சம் சொறிந்தான், நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பத்து நாளில் திரும்பவும் தெள்ளு. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொரு குப்பியை வாங்கி அதே இடத்தில் விட்டேன். அன்றிரவு முழுக்கக் கிடுகு வேலியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். விடிந்து பார்த்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து ரூபாய்க் குத்தி அளவுக்கு முடி பிசுபிசுத்துக் கிடந்தது. விரலால் விலக்கியதும் முடி கையோடு வந்துவிட்டது. அடியில் தோல் சுடுதண்ணீர் பட்டதுபோல் இருந்தது.

இப்படி நடந்தால் முதல் வேலை கழுவுவது. இந்தச் சொட்டு மருந்துகள் தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து ஓரிரு நாளில் உடல் முழுக்கப் பரவுகிறவை. அதனால் வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது. பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் விட்டு நுரைக்கத் தேய்த்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, இரண்டு தரம் கழுவ வேண்டும். எவ்வளவு கெதியாகக் கழுவுகிறோமோ அவ்வளவு நல்லது. தோல் ஏற்கெனவே கிழிந்திருந்தால் தேய்க்காமல் தண்ணீரால் மட்டும் அலசிவிட்டு டொக்டரிடம் கொண்டுபோங்கள். நடுக்கம், வாந்தி, வாயில் நுரை, முகம் வீங்குவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

மருந்துப் பெட்டியை எறிய வேண்டாம். டொக்டர் முதலில் கேட்டது அதைத்தான். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது தெள்ளைக் கொல்லும் இரசாயனம் இல்லையாம், அதைக் கரைத்து வைத்திருக்கிற திரவமாம். அதனால் பெயர் மட்டும் வேறாக இருக்கிற இன்னொரு சொட்டு மருந்தை வாங்கி விட்டால் திரும்பவும் அதே கதை ஆகலாம்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வி: "மருந்து எங்க விட்டனீங்கள், புண் எங்க கிடக்கு?" எனக்கு அப்போதுதான் புரிந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் புண் மருந்து விட்ட இடத்தில் வரும். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாவிட்டால் வால் அடியில், இடுப்பில், பின்தொடையில் வரும். அந்த நாய்க்கு ஒன்றிரண்டு தெள்ளு கடித்தாலே போதும், நாள் முழுக்கக் கடித்துக் குதறும். ஜிம்மிக்கு இரண்டு இடத்திலும் இருந்தது! உங்கள் நாயின் வால் அடியைப் பேன் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பாருங்கள். சுற்றிச் சிவப்பாக ஊறினால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாய் கொடுத்த இரத்தம். ஊறாவிட்டால் வெறும் மண்.

சரி, மாற்று என்ன? தோலில் எதுவும் படக்கூடாத நாய்க்கு வாய்வழி மாத்திரைதான் இப்போது முதல் வழி. அஃபோக்ஸோலானர் என்ற மருந்து உள்ள மாத்திரை மாதம் ஒன்று, ஃப்ளூரலானர் என்ற மருந்து உள்ளது 12 வாரத்துக்கு ஒன்று. இரண்டும் உண்ணியையும் கொல்லும். எங்கள் ஊரில் உண்ணிக் காய்ச்சல் நாய்களைக் கொண்டுபோகிறபடியால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த மாத்திரை வகை சில நாய்களுக்கு வலிப்பு, நடுக்கம், தள்ளாட்டம் வரவைக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. ஆகவே உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எடை பார்த்துத்தான் மாத்திரை தருவார்கள். காசு மிச்சம் பிடிக்கப் பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். கழுத்துப் பட்டியும் இருக்கிறது, ஆனால் அதுவும் தோலில் உரசுவதுதான். ஏற்கெனவே புண்பட்ட கழுத்தில் அதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

மாத்திரை பாதி வேலைதான் செய்தது. மிச்சம் வளவில் இருந்தது. பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டை கூடப் போடும். முட்டை நாயில் ஒட்டி நிற்காது, அது படுக்கிற இடத்தில் உதிரும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, நிழலான மண்ணுக்குள் போய்விடும். பிறகு கூட்டுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் இலேசில் ஏறாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்து, காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே குதிக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து விறாந்தையில் கால் வைத்ததும் முழங்கால் வரைக்கும் தெள்ளு ஏறுவது இதனால்தான். பத்து நாளில் ஜிம்மியில் நான் கண்ட தெள்ளும் அப்படிப் புதிதாகப் பொரித்து வந்தவைதான். மருந்தைக் குறை சொல்லி இரண்டாம் தரம் விட்டது முழுக்க என் பிழை.

அவனுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குழி. மத்தியான வெயிலுக்கு மண்ணைக் கிண்டி, குளிர்ந்த மணலில் வயிறு பதியக் கிடப்பான். தெள்ளுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த மணலை இரண்டு சாக்கு அளவுக்கு அள்ளி வெயிலில் பரப்பிக் காயவிட்டேன். எங்கள் வெயிலைத் தெள்ளுப் புழு தாங்காது. குழிக்கு மேல் இரண்டு பலகை போட்டேன். அவன் படுக்கிற சாக்கைக் கிழமைக்கு ஒரு தரம் கொதிதண்ணீரில் போட்டுக் கொடியில் காயவிடுவேன். விறாந்தை மூலைகளைக் கூட்டி அள்ளியதை முற்றத்தில் கொட்டாமல் எரித்தேன். பின்னேரங்களில் பேன் சீப்பால் வாரி, பிடிபட்டதைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டேன். ஆறு, ஏழு கிழமை இப்படிச் செய்த பிறகுதான் சீப்பு வெறுமையாக வந்தது.

கைமருந்து என்று நிறையப் பேர் சொல்வார்கள். பக்கத்து வளவு ஐயா வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் மிச்சம் கிடக்கு, தண்ணியில கலந்து பூசி விடு, ஒரு தெள்ளும் மிஞ்சாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தெள்ளு மட்டுமில்லை, நாயும் மிஞ்சாமல் போகலாம். மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுவிடும். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை நக்கினால் நஞ்சு. உள்ளியைச் சோற்றில் பிசைந்து வைப்பது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். வேப்பிலை அவித்த தண்ணீரை நன்றாக ஆறவிட்டுக் குளிப்பாட்டினோம், அதனால் ஒரு கெடுதியும் வரவில்லை, தெள்ளும் பெரிதாகக் குறையவில்லை. அம்மா மட்டும் இன்றைக்கும் அதனால்தான் சுகமானது என்கிறா.

புண் ஆற மூன்று கிழமை எடுத்தது. டொக்டர் தந்த பூச்சை நக்காமல் இருக்கப் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். முதல் இரண்டு நாள் கதிரைக் கால்கள் எல்லாவற்றிலும் முட்டினான். முடி திரும்பவும் முளைத்துவிட்டது, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிர் நிறம்.

வீட்டில் பூனை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், வாங்குகிற எந்த மருந்திலும் பெர்மெத்ரின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு விடுகிற அந்த மருந்து பூனையைக் கொல்லும். மருந்து விட்ட நாயோடு உரசிப் படுத்தாலும் ஆபத்துத்தான்.