போன் மணி அடித்தால் யார் எடுப்பது?

போன இதழில் தபால்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தொலைபேசியைப் பற்றியவை. சரி, இந்த முறை அதையே பேசிவிடுவோம்.

கேள்வி: தொலைபேசியைக் கண்டுபிடித்தது கிரகாம் பெல் இல்லை, அவர் இன்னொருவரிடமிருந்து திருடிவிட்டார் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி சுற்றுகிறது. பள்ளியில் படித்ததை மறந்துவிடலாமா? (வாசகர், கூலிம்)

மறக்க வேண்டாம் ஐயா, ஆனால் அதோடு நிறுத்தவும் வேண்டாம். ஜெர்மனியில் பிலிப் ரைஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1861-லேயே கம்பி வழியாக இசையை அனுப்பிக் காட்டினார். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய அந்தோனியோ மெயூச்சி, காப்புரிமை கேட்கப் போகிறேன் என்று 1871-ல் முன்னறிவிப்பு பதிந்து வைத்தார். அதைத் தொடர்ந்து புதுப்பிக்கக் கையில் பணம் இல்லை, 1874-ல் காலாவதியானது. 1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் விண்ணப்பமும் எலிஷா கிரே என்பவரின் முன்னறிவிப்பும் ஒரே நாளில் ஒரே அலுவலகத்துக்குப் போயின. மார்ச் 7-ல் காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து அவர் கருவியில் பேசி, அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனைக் கூப்பிட, வாட்சன் எழுந்து வந்தார். மெயூச்சியின் உழைப்பை மதிக்க வேண்டும் என்று அமெரிக்க மக்களவை 2002-ல் ஒரு தீர்மானம் போட்டது உண்மைதான். அந்தத் தீர்மானத்தைத்தான் புலனத்தில் இழுத்து இழுத்துத் திருட்டுக் கதையாக்கிவிட்டார்கள்.

என்னை அதிகம் தொடுவது வேறு. பெல்லின் அம்மாவுக்குக் காது மந்தம், மனைவிக்குக் காது கேட்காது, பெல்லும் காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு குரல் போய்ச் சேராவிட்டால் எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்த மனிதர் அவர்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஆபிஸிலும் துரை பங்களாவிலும் மட்டும்தான் போன் இருந்தது. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த எங்களுக்கு அது தூரத்தில் இருந்து பார்க்கிற சாமான். தோட்டத்து மக்களுக்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம் இருக்கிறது, எழுதுங்களேன். (வாசகி, சுங்கை சிப்புட்)

நிறையவே இருக்கிறது அக்கா. நானும் இதே ஊர்க்காரன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். மலாயாக் காடுகளில் கெத்தா பெர்ச்சா என்று ஒரு மரப்பால் கிடைத்தது. நாம் வெட்டிய ரப்பர் மரம் இல்லை, இது வேறு இனம். கடல் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கசிய விடாது என்பதால் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கெல்லாம் அதைத்தான் உறையாகப் போட்டார்கள், அதற்காக மரங்களை வெட்டிச் சாய்த்துக் காட்டையே காலி செய்தார்கள். அப்புறம் ரப்பர் வந்தது. ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் எபோனைட் என்ற கெட்டிப் பொருள் கிடைக்கும், பழைய போன்களில் காதில் வைக்கிற பாகத்தை அதில் செய்தார்கள். மலாயா ரப்பர் உலகச் சந்தைக்குப் போக ஆரம்பித்த பிறகு, விடியாத நேரத்தில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று நம் பாட்டிமார் எடுத்த பாலும் அதில் கலந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாட்டிக்கு அந்தப் போனைத் தொட உரிமை இல்லை. தொலைபேசியின் வரலாறு என்று யார் எழுதினாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை.

கோலாலம்பூரில் 1891-ல் தொலைபேசி நிலையம் வந்தது. தோட்டங்களுக்குக் கம்பி வந்தபோது அது நிர்வாகத்துக்காக வந்தது. 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் தொடங்கியது. அதன்பிறகு பங்களாவிலிருந்து போலீஸ் நிலையத்துக்குப் பேச ஒரு போன் இருப்பது உயிர்ப் பிரச்சினை ஆயிற்று, காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகள் கம்பியை அறுப்பதையே ஒரு வேலையாகச் செய்தார்கள். அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்குப் போன் கம்பம் என்றால் பயமும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

லயத்து ஆளுக்குப் போன் வந்தால் கிராணி, அதாவது ஆபிஸ் குமாஸ்தா, எடுப்பார். அவர் வேலையை மேற்பார்க்கிற தண்டலிடமோ ஆபிஸ் பையனிடமோ சொல்லி அனுப்புவார், செய்தி மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். நல்ல செய்திக்கு யார் போன் போடப் போகிறார்கள், அதற்குக் கடிதம் போதும். ஆபிஸுக்குப் போன் வந்தது என்றால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சாவு. அம்மா போய்விட்டார் என்ற சேதியைத் தம்பியின் குரலில் கேட்காமல், சம்பளம் போடுகிற கிராணியின் குரலில் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! சில கிராணிமார் அதை எவ்வளவு பக்குவமாகச் சொன்னார்கள் என்று இன்றும் நன்றியோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்குப் பேசுவது இன்னும் தூரம். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-71 வாக்கிலேயே போட்டுவிட்டார்கள். பேச்சைக் கொண்டுபோகும் கடலடிக் கம்பி அதே சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 1981-ல்தான் வந்தது. நடுவில் 1970-ல் குவாந்தானில் செயற்கைக்கோள் நிலையம் திறந்தார்கள், டிரங்க் கால் (தூர அழைப்பு) பதிந்துவிட்டுக் காத்திருந்து பேசியவர்களும் உண்டு, ஆனால் அது கையில் காசு உள்ளவர்கள் சமாசாரம். அந்தப் பக்கம் கிராமத்திலும் போன் இருக்க வேண்டுமே! கப்பல் ஏறி வந்த எத்தனையோ பேர் பெற்றவர்களின் குரலை மறுபடி கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

1987 ஜனவரியில் தொலைபேசி இலாகா நிறுவனமாக மாறியது, பட்டணத்துக் கடை ஓரங்களில் காசு போடுகிற போன்கள் வந்தன, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது வீட்டு போனும் பிறகு கைப்பேசியும் வந்தன. இந்தப் பகுதி உங்களுக்கே தெரியும். நம் பெண்களுக்கு அதில் கிடைத்த விடுதலை பெரிது. கட்டிக்கொடுத்த மகள் மாமியார் வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று அம்மா அவளிடமே கேட்க முடிந்தது, நடுவில் ஆள் இல்லாமல்.

தோட்ட ஆபிஸில் போன் எடுத்தவர்கள், பட்டணத்தில் ஆபரேட்டராக இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். எழுதக் கை வராவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும்.

கேள்வி: கதையிலும் சினிமாவிலும் போனுக்கு ஏதாவது தனி இடம் உண்டா? (வாசகி, பீடோர்)

உண்டு. மார்க் ட்வெயின் 1880-லேயே ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதில் ஒரு பெண் போனில் பேசுகிறாள், பக்கத்தில் இருப்பவருக்கு அவள் பேச்சு மட்டும் கேட்கிறது, மறுமுனை கேட்கவில்லை. அதைப் படித்தால் ஆபிஸ் வாசலில் நின்று கிராணியின் 'ம்... எப்போ? சரி' என்பதை வைத்தே யாருக்கு என்ன ஆயிற்று என்று ஊகித்தவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். பிரெஞ்சுக்காரர் ழான் காக்தோவின் 1930-ஆம் ஆண்டு நாடகத்தில் மேடையில் ஒரே ஒரு பெண், விட்டுப் போகிற காதலனோடு கடைசியாகப் போனில் பேசுகிறாள். அவன் குரல் நமக்குக் கேட்காது, நடுவில் இணைப்பு வேறு அறுந்து அறுந்து போகும். 1948-ல் ரொசெல்லினி அதைப் படமாக்கினார். தமிழில் 'உன்னைப்போல் ஒருவன்' (2009) படத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்த ஒருவர், போலீஸ் கமிஷனருக்கு முகம் காட்டாமல் குரலாலேயே நகரத்தை நிறுத்தி வைக்கிறார்.

திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு முகத்தையும் காட்டினால் போனின் வலு போய்விடுகிறது என்பது என் கருத்து. மறுமுனை தெரியாமல் இருந்தால்தான் மனசு பதறும். நம் இளம் எழுத்தாளர்கள், குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் தோட்ட ஆபிஸ் போனைக் கையில் எடுக்க வேண்டும். அங்கே கதை அவ்வளவு கிடக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 80-க்கு மேல், தனியாக இருக்கிறார். கைப்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டோம், வீட்டு போனை வெட்டிவிடலாமா? (வாசகர், தெலுக் இந்தான்)

வேண்டாம் தம்பி. அம்மாவுக்கு எது கைக்குப் பழகியதோ அது இருக்கட்டும். ஒன்றை மட்டும் பாருங்கள்: பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வரும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபருக்கு (கண்ணாடி இழைக் கம்பிக்கு) மாற்றியிருந்தால் வீட்டில் மாட்டியிருக்கிற இணைப்புப் பெட்டியும் கரண்டோடு சேர்ந்து நின்றுவிடும், அதற்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கி மாட்டுங்கள். உங்கள் எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள், அவர் நடந்து வந்து எடுக்கும்வரை மணி அடிக்கட்டும்.