பிக்கப் வண்டிக்கு ஆல்-டெரெய்ன் டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஓட்டம் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான், அவ்வப்போது மண் பாதை, சில நாள் பாரமும் உண்டு, எந்த ஆல்-டெரெய்ன் டயர் (தார், மண் இரண்டிலும் ஓடும் டயர்) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படியுங்கள்.

அளவுக்கு அடுத்து வரும் எண் பாரக் குறியீடு. 116 என்றால் ஒரு டயர் 1250 கிலோ தாங்கும்; 121 என்றால் 1450 கிலோ. வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே மட்டும் இறங்கவே இறங்காதீர்கள்.

அளவுக்கு முன்னால் எல்.டி. (LT) என்று இருந்தால் அது பாரத்துக்கென்றே செய்த கெட்டியான டயர். கூர்ங்கல்லுக்குச் சட்டென்று கிழியாது. ஆனால் கனம் அதிகம், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், வெறும் வண்டியாகப் போனால் தூக்கித் தூக்கிப் போடும். அதே பாரத்துக்குக் காற்றும் சற்று அதிகம் வைக்க வேண்டும். பழைய காற்றழுத்தத்திலேயே ஓட்டினால் டயர் சூடேறிக் கெடும். தினமும் பாரம் ஏற்றாத உங்களுக்கு இது வேண்டாம் என்பேன்.

டயரில் தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளான பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருந்தால் சேறு அப்பாமல் உதிரும். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல் கூடும், ஈரத்தில் பிடிப்பும் குறையலாம். நெருக்கமான பட்டனும் அதில் மெல்லிய கீறல்களும் உள்ள டயரே உங்களுக்குச் சரி. பனி கொட்டும் இடமென்றால் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையைத் தேடுங்கள்.

தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.